பொடிச்சிக்கு முதல் பந்தி: மெலிந்த பூனைக்குட்டியைப் பிரித்து வைப்பதா, கூட வைத்தே தேற்றுவதா?

கார்த்திகை மழை கொட்டிக்கொண்டிருந்த ஓர் இரவு, களுவாஞ்சிகுடியில் இருக்கும் மச்சாள் கோல் எடுத்தாள். "மச்சாள், ரெண்டும் ஒரே வயித்துல பிறந்ததுதான். ஒருத்தன் பூசணிக்காய் மாதிரி உருளுறான். மத்தவள் காத்தடிச்சாப் பறந்திருவாள் போலக் கிடக்கு. அவளைப் பிரிச்சு வைக்கட்டாகா?"

ஓம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. பெரியவன் பிடுங்கித் தின்கிறான் என்றால் சின்னவளைத் தள்ளி வைப்பதுதானே முறை? ஆனால் கல்லடியில் எங்கள் வீட்டில் ஒருமுறை அதைச் செய்து பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டவள் நான். அந்தக் கதையைக் கீழே சொல்கிறேன். அந்த மாதமே அக்கரைப்பற்றில் இருந்து ஒரு தோழியும் ஏறாவூரில் இருந்து இன்னொருத்தியும் இதே கேள்வியைக் கேட்டார்கள். மூன்று பேருக்கும் மூன்று விதமாகச் சொல்ல வேண்டி வந்தது, ஏனென்றால் மூன்று வீட்டிலும் குட்டிகளின் வயது வேறு, மெலிவுக்குக் காரணமும் வேறு. அதனால்தான் வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதுகிறேன்.

## முதலில் தராசு

கையில் தூக்கிப் பார்த்து "கனம் கூடியிருக்கு" என்று சொல்வதை நம்ப வேண்டாம். ஒரு நாளில் ஏற வேண்டியதே பத்துப் பதினைந்து கிராம்தான், அது கைக்குத் தெரியாது. கேக் அடிக்கிறவர்கள் பாவிக்கும் சின்ன டிஜிட்டல் தராசு போதும். மச்சாள் தன் தங்கச்சியிடம் இரவல் வாங்கினாள். தராசின் மேல் ஒரு வெறும் ஐஸ்கிரீம் பெட்டியை வைத்துப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து குட்டியை உள்ளே விட வேண்டும். தினமும் ஒரே நேரத்தில், காலைச் சாப்பாட்டுக்கு முன் நிறுத்து, கலண்டரில் அந்தத் திகதிக் கட்டத்துக்குள்ளேயே எழுதி வையுங்கள்.

பிறக்கும்போது ஒரு குட்டி ஏறத்தாழ 100 கிராம் இருக்கும். இரண்டு கிழமைக்குள் அது இரட்டிக்க வேண்டும். பிறகு நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம், கிழமைக்கு 100 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். நாலு கிழமையில் 400க்கு மேல், எட்டுக் கிழமையில் 800, 900 அளவில் நிற்கும். மச்சாளின் குட்டிகளுக்கு அப்போது ஆறு கிழமை. தராசில் குண்டன் 640, பொடிச்சி 410.

230 கிராம் வித்தியாசம் பெரிதுதான். ஆனால் வித்தியாசம் மட்டும் நோய் ஆகாது. கடுவன் குட்டிகள் பெட்டைக் குட்டிகளைவிடக் கனமாகவே வளரும். ஒரே ஈற்றுக் குட்டிகளுக்கு இரண்டு தகப்பன் இருப்பதும் பூனைகளில் நடக்கிற விஷயம், ஆகவே ஒன்று பெருங்கட்டு, ஒன்று சிறுகட்டு என்று பிறக்கலாம். கவலைப்பட வேண்டியது 410 ஆறு கிழமைக்குக் குறைவு என்பதற்காகவும், அது மூன்று நாளாக அசையாமல் அதே இடத்தில் நின்றது என்பதற்காகவும்தான். பொடிச்சியை நேற்றைய பொடிச்சியோடுதான் ஒப்பிட வேண்டும், குண்டனோடு அல்ல.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

வயது முதலாவது. நாலு கிழமைக்குக் குறைந்ததென்றால் பால்தான் கேள்வி, அதற்கு மேலென்றால் கோப்பைதான் கேள்வி. தாய் இருக்கிறதா, இருந்தால் அதற்குப் பால் இருக்கிறதா என்பது அடுத்தது. பகலில் வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்பதையும் உண்மையாகச் சொல்லிக்கொள்ளுங்கள். ஆசிரியர் வேலைக்குப் போய் இரண்டு மணிக்கு வருகிறவர் மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை பால் பருக்க முடியாது.

இவை எல்லாவற்றையும்விட நான் பெரிதாக நினைப்பது ஒன்று: சாப்பாடு குட்டியின் வாய்க்கு எட்டவில்லையா, எட்டியும் உடம்பில் ஒட்டவில்லையா? இரண்டும் வெளியில் இருந்து பார்த்தால் ஒரே மெலிவுதான். கண்டுபிடிக்க ஒரே வழி, கோப்பைக்குப் பக்கத்தில் சாப்பாடு தொடங்கி முடியும்வரை குந்தி இருப்பது. சின்னது ஓடி வந்து, பெரியது தோளால் இடிக்க, பின்வாங்கிப் போய் நக்கிக்கொண்டிருந்தால் அது எட்டாத கேஸ். சின்னதும் மூக்கு முட்டத் தின்கிறது, ஆனால் வயிறு மட்டும் பந்துபோல உப்பி, முதுகெலும்பு கைக்குக் குத்துகிறது, மலம் இளகிப் போகிறது என்றால் அது ஒட்டாத கேஸ். ஓடி வராமலே மூலையில் சுருண்டு கிடந்தால் மூன்றாவது கேஸ், அதற்கு இந்தக் கட்டுரையைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம், மிருக வைத்தியரிடம் போங்கள்.

## வழியைத் தேடுமுன்: பூச்சி, தெள்ளு, மூக்கு, வாய்

எட்டவில்லை என்று நினைத்துப் பத்து நாள் தனிக்கோப்பை வைத்து, கடைசியில் பூச்சி என்று தெரிந்தால் பத்து நாளும் வீண். ஆகவே எந்த வழிக்கும் முன் இந்த நாலையும் பார்த்துவிடுங்கள்.

வட்டப்புழு தாயின் பாலோடேயே குட்டிக்கு வந்துவிடும். தெருவில் ஈன்ற பூனையின் குட்டிக்குப் பூச்சி இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளலாம். இரண்டு கிழமை வயதில் இருந்தே, இரண்டு கிழமைக்கு ஒருமுறை பூச்சி மருந்து கொடுக்கும் வழக்கம் உண்டு. பைரன்டெல் என்ற மருந்தைத்தான் பெரும்பாலும் கொடுப்பார்கள். அளவு நிறையைப் பொறுத்தது, அதனால்தான் தராசு முதலில் என்றேன். பிள்ளைகளின் பூச்சிக் குளிசையை உடைத்து ஊகத்தில் கொடுக்காதீர்கள். குட்டிகள் இரண்டுக்கும் தாய்க்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். மெலிந்ததற்கு மட்டும் கொடுத்தால் பூச்சி திரும்பி வரும்.

தெள்ளு சின்ன விஷயம்போலத் தெரியும். 400 கிராம் உடம்பில் உள்ள இரத்தமே கொஞ்சம், அதையும் தெள்ளு உறிஞ்சினால் குட்டி வெளிறிப் போகும். உதட்டைத் தூக்கி முரசைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும், வெள்ளையாக இருக்கக்கூடாது. இந்த வயதுக்குப் பல் நெருக்கமான சீப்பும், இளஞ்சூட்டுத் தண்ணீரில் சவர்க்காரமும், உடனே துவட்டி உலர்த்துவதும்தான் பாதுகாப்பு. நாய்க்கு வாங்கி வைத்த மருந்தைத் தடவவே வேண்டாம். அவற்றில் சிலதில் உள்ள பெர்மெத்ரின் பூனையைக் கொல்லும். காய்ச்சல் என்று பனடோல் கொடுப்பதும் அப்படித்தான், பூனைக்கு அது விஷம்.

மூக்கடைத்த பூனை தின்னாது. மணம் தெரியாவிட்டால் சாப்பாடு அதற்குச் சாப்பாடே இல்லை. அடைத்திருந்தால் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைத்துவிட்டு, சாப்பாட்டையும் சற்றுச் சூடாக்கி வையுங்கள். வாயைத் திறந்து மேலண்ணத்தையும் ஒருமுறை பாருங்கள். அண்ணத்தில் பிளவு இருந்தால் பால் மூக்கால் வரும், அது வேறு வைத்தியம்.

## வழி 1: அப்படியே விட்டு, தினமும் நிறுத்துப் பார்ப்பது

சின்னது சின்னதுதான், ஆனால் தினமும் பத்துக் கிராமாவது ஏறுகிறது, துள்ளி விளையாடுகிறது, மலம் இறுக்கமாகப் போகிறது. இப்படியென்றால் ஒன்றும் செய்யாதீர்கள். ஏறாவூர்த் தோழிக்கு நான் சொன்னது இதைத்தான். அவளுடைய பெட்டைக்குட்டி தன் போக்கில் நன்றாகத்தான் வளர்ந்தது, தமையன்தான் அதிகம் வளர்ந்திருந்தான்.

இதில் செலவு காசு இல்லை, கவனம். தராசை மூன்றாம் நாள் மறந்துவிட்டால் இந்த வழி வெறும் அலட்சியமாகிவிடும். நாலு கிழமைக்குள் உள்ள குட்டி ஒரு நாள் முழுக்க ஏறாமல் நின்றாலோ, அதைவிடப் பெரிய குட்டி இரண்டு மூன்று நாள் நின்றாலோ, இந்த வழியை விட்டுவிட வேண்டும்.

## வழி 2: ஒரே படுக்கை, தனித்தனிப் பந்தி

எட்டாத கேஸுக்கு நான் முதலில் சொல்வது இது. கலியாண வீட்டில் பிள்ளைகளையும் வயதானவர்களையும் முதல் பந்தியில் இருத்துவது போல, பொடிச்சிக்கு முதல் பந்தி. குண்டனை அடுத்த அறையில் விட்டுக் கதவைச் சாத்தி, இருபது நிமிடம் அவள் ஆறுதலாகத் தின்னட்டும். பிறகு அவனுக்கு. சாப்பாடு முடிந்ததும் இரண்டையும் ஒரே பெட்டிக்குள் விட்டுவிட வேண்டும். ஒரு நாளைக்கு நாலு தரம் இப்படி.

வீட்டில் ஒரே அறைதான் என்றால் உடுப்புக் கூடையைக் கவிழ்த்துக் குண்டனின் மேல் மூடலாம். கத்துவான். கத்தட்டும், அவனுக்கும் அதற்குள்ளேயே ஒரு சின்னக் கோப்பை வைத்தால் கத்தலும் இல்லை.

தாய்ப்பால் குடிக்கும் வயதிலும் இதே முறை செல்லும். பெரியதைக் கால்மணித்தியாலம் கூடையில் போட்டுவிட்டு, சின்னதை முலையில் பிடித்து விடுங்கள். பிறந்த முதல் சில நாளிலேயே குட்டிகள் தமக்கென்று ஒரு முலையைப் பிடித்துக்கொள்ளும், தள்ளுமுள்ளில் பலமில்லாதது தோற்கும். அதைவிட மலிவான உதவி ஒன்று இருக்கிறது, பலர் யோசிப்பதே இல்லை: தாய்க்குச் சாப்பாடு போடுவது. பால் கொடுக்கும் பூனைக்கு வழமையைவிட இரண்டு மூன்று மடங்கு வேண்டும். அக்கரைப்பற்றுத் தோழியின் வீட்டில் தாய்ப்பூனை எலும்பும் தோலுமாக நின்றது. மூன்று கிழமைக் குட்டியைப் பற்றிக் கேட்டவளிடம் "முதல்ல தாய்க்கு மீன் அவிச்சுப் போடு" என்றேன்.

பந்தியில் என்ன பரிமாறுவது? நம் பக்கத்துப் பூனைச் சாப்பாடு சோறும் மீன்முள்ளும். வளர்ந்த பூனை அதோடு எலியும் பல்லியும் பிடித்துச் சமாளித்துக்கொள்ளும், குட்டியால் முடியாது. சோறு வயிற்றை நிரப்பும், உடம்பை வளர்க்காது. பூனைக்கு டோரின் என்ற சத்து இறைச்சியிலும் மீனிலும் இருந்துதான் கிடைக்க வேண்டும். பூனைக்குட்டிக்கென்று விற்கும் உலர் தீனை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து மசித்துக் கொடுப்பது நல்லது. பொடிச்சி அளவு குட்டிக்கு உலர்ந்த நிலையில் நிறுத்தால் நாளுக்கு 25 கிராம்தான் வரும், ஆகவே ஒரு சின்னப் பை நெடுநாள் போகும். அது கட்டுப்படியாகாவிட்டால் முள் நீக்கி அவித்த மீன், அவித்த கோழி, இடையிடையே சிறிது ஈரல். பச்சை மீனை வழமையாகக் கொடுக்கக்கூடாது. சில மீன்களில் உள்ள ஒரு பொருள் பி1 உயிர்ச்சத்தை அழித்துவிடும். குழம்பில் கிடந்த மீனும் வேண்டாம், வெங்காயமும் உள்ளியும் பூனைக்கு நஞ்சு.

இந்த வழியின் மறைந்த செலவு நேரம். நாலு பந்தி, ஒவ்வொன்றும் அரை மணித்தியாலம், இரண்டு மூன்று கிழமைக்கு. வீட்டில் ஒருவர் இரக்கப்பட்டு இடையில் கதவைத் திறந்துவிட்டால் எல்லாம் பாழ். மச்சாள் வீட்டில் அந்த இரக்கசாலி மாமி.

## வழி 3: சிரிஞ்சில் பால் பருக்குவது

நாலு கிழமைக்கு உட்பட்ட குட்டி, தாய் இல்லை அல்லது பால் வற்றிவிட்டது என்றால் இது தவிர வேறு வழி இல்லை. அந்த வயதைத் தாண்டி, கோப்பையில் தானே தின்னும் குட்டிக்கு இது தேவையும் இல்லை. நோயில் கிடந்தால் மட்டும் மசித்த சாப்பாட்டைச் சிரிஞ்சில் ஊட்டலாம்.

பசுப்பால், வீட்டுப் பால்மா, டின்பால், குழந்தைப் பால்மா எதுவும் சரிவராது. பூனைப்பாலில் உள்ள புரதம் பசுப்பாலில் உள்ளதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல், குழந்தைப் பால்மாவில் அது இன்னும் குறைவு. பாலிலுள்ள சீனி செரிக்காமல் வயிற்றோட்டமும் பிடிக்கும். அயல் வீட்டு ஆட்டுப்பாலும் இந்த விஷயத்தில் பசுப்பாலின் பக்கம்தான். பூனைக்குட்டிக்கென்றே தயாரிக்கும் பால்மாதான் வேண்டும். அது எல்லா ஊர்க் கடையிலும் இருக்காது. குட்டி கையில் வந்த அன்றே தேடத் தொடங்குங்கள்.

கணக்கு எளிது. 100 கிராம் நிறைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 மில்லிலீற்றர், ஒரு தரத்துக்குக் கூடியது 4 மில்லிலீற்றர். 250 கிராம் குட்டிக்கு ஒரு தரம் 10க்கு மேல் போகக்கூடாது. முதல் கிழமையில் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை, மூன்றாம் கிழமையில் நாலைந்துக்கு ஒருமுறை. தாயும் கொஞ்சம் கொடுக்கிறதென்றால் நாளுக்கு இரண்டு மூன்று தரம் மட்டும் மேலதிகமாக. மூன்று கிழமைவரை தாய் இல்லாத குட்டிக்கு, ஈரப்பஞ்சால் பின்புறத்தை மெல்லத் தடவி மூத்திரமும் மலமும் போக்கிவிட வேண்டும்.

இரண்டு தவறு உயிரை எடுக்கும். ஒன்று, குளிர்ந்த குட்டிக்குப் பால் கொடுப்பது. உடம்பு குளிர்ந்தால் குடல் வேலை செய்யாது, பால் உள்ளே கிடந்து கெடும். துணி சுற்றிய சுடுதண்ணிப் போத்தலைப் பக்கத்தில் வைத்து, மெல்லச் சூடேறிய பிறகுதான் பால். மாரிகாலத்தில், அதுவும் கரன்ட் போன இரவில், ஈரச் சீமெந்துத் தரையில் இது அடிக்கடி நடக்கும். மற்றது, கைக்குழந்தை போல மல்லாத்திப் பருக்குவது. நான் செய்த தவறு அதுதான். பால் மூக்கால் வந்தது, அன்றிரவே மூச்சில் கரகரப்பு, அடுத்து நுரையீரலில் சளி. ஊசி போட்டு ஒரு கிழமை ஓட்டோவில் அலைந்தேன். குட்டி வயிற்றில் படுத்திருக்க வேண்டும், தலை சற்று மேலே, ஒரு துளி விழுங்கிய பிறகு அடுத்த துளி.

இங்கே செலவு பால்மாவின் விலையைவிட உங்கள் தூக்கம்தான்.

## வழி 4: முழுவதும் பிரித்து வைப்பது

இப்போது என் கதை. எங்கள் வீட்டில் இருந்த சின்னக் குட்டிக்கு ஐந்து கிழமை. தமையன் விடுகிறான் இல்லையென்று பின் விறாந்தையில் தனிப் பெட்டி, தனிக் கோப்பை, நிறையச் சாப்பாடு. இரண்டு இரவும் அது கத்தியது, சாப்பாட்டை மணந்துவிட்டு விலகியது. இரண்டாம் நாள் காலை நிறுத்தால் 15 கிராம் குறைவு. எனக்குச் சாப்பாட்டுக்கு எதிரியாகத் தெரிந்த தமையன்தான் அதற்குப் போர்வை. குட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுதான் சூட்டைக் காப்பாற்றும். மெலிந்த உடம்பு தனியே கிடந்தால் தின்பதெல்லாம் சூட்டுக்கே எரிந்துவிடும்.

இன்னொரு செலவு உடனே தெரியாது. எவ்வளவு கடித்தால் மற்றதற்கு வலிக்கும் என்பதைக் குட்டிகள் விளையாட்டுச் சண்டையில்தான் பழகும். தனியே வளர்ந்தது பிறகு உங்கள் கணுக்காலில் பழகும்.

ஆனாலும் பிரித்தே ஆக வேண்டிய நேரங்கள் உண்டு. சத்தியும் வயிற்றோட்டமும் சேர்ந்து வந்தால் அது பார்வோ என்ற வைரஸ் இனத்தால் வரும் பூனைக் குடல் நோயாக இருக்கலாம், வேகமாகக் கொல்லும், உடனே பிரியுங்கள், பாத்திரம் துணி எல்லாம் வேறாக. தாயில்லாத குட்டிகள் முலை என்று நினைத்து ஒன்றின் அடிவயிற்றை ஒன்று சப்பிப் புண்ணாக்கும், அப்போதும் பிரிக்க வேண்டும். பெரியது சின்னதைக் காயப்படுத்துகிறது என்றாலும் அப்படியே. பிரித்தால் சுடுதண்ணிப் போத்தலும் தமையனின் மணமுள்ள துணியும் கூடவே போக வேண்டும்.

வேறொரு தாய்ப்பூனையிடம் விடுவதையும் சிலர் கேட்பார்கள். அதே வயதுக் குட்டிகளோடு, பாலுள்ள, சாதுவான பூனை அயலில் இருந்தால் அதைவிட நல்லது இல்லை. அப்படி அமைவது குதிரைக் கொம்பு, அமைந்தால் முதல் ஒரு மணித்தியாலம் பக்கத்திலேயே இருங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | எப்போது சரி | மறைந்த செலவு | எப்போது வேண்டாம் |
|---|---|---|---|
| விட்டுப் பார்ப்பது | சின்னதும் தினமும் 10 கிராம் ஏறும்போது | தவறாமல் நிறுக்கும் கவனம் | நிறை நின்றுவிட்டால் |
| தனிப் பந்தி, ஒரே படுக்கை | பெரியது இடித்துத் தள்ளும்போது | நாளுக்கு இரண்டு மணித்தியாலம் | தின்றும் ஒட்டாத போது, முதலில் பூச்சி |
| சிரிஞ்ச் | 4 கிழமைக்கு உள்ளே, பால் இல்லாதபோது | தூக்கம், நுரையீரலுக்குள் பால் போகும் ஆபத்து | குட்டி குளிர்ந்திருக்கும்போது |
| முழுப் பிரிப்பு | தொற்று, காயம், சப்பிப் புண்ணாக்குதல் | சூடு போகும், தின்னாமல் விடும் | வெறும் சாப்பாட்டுப் போட்டிக்கு |

## எந்த வழியும் பார்க்காமல் ஓட வேண்டியது

முரசு வெள்ளை, உடம்பு சில்லென்று இருக்கிறது, தலையைத் தூக்க முடியவில்லை, வாயால் மூச்சு வாங்குகிறது. இதில் ஒன்று கண்டாலும் காத்திருக்காதீர்கள். முதலில் சூடு, அடுத்து முரசில் ஒரு சொட்டுச் சீனிப்பாணி, பிறகு வண்டி. அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் மாடும் ஆடும் கோழியும்தான் முதல் வேலை, ஆனால் பூனையைக் கொண்டுபோனால் திருப்பி அனுப்புவார்கள் என்று நீங்களே முடிவுகட்டிவிட வேண்டாம். எதற்கும் முன்னரே கோல் எடுத்துக் கேட்டுவிடுங்கள். களுவாஞ்சிகுடியில் இருந்து மட்டக்களப்பு நகரம் 30 கிலோமீற்றர் அளவு, மழைநாளில் பெட்டிக்குள் போத்தலும் துணியும் இல்லாமல் அந்தத் தூரம் குட்டிக்குப் பெரிது.

மச்சாள் இரண்டாம் வழியை எடுத்தாள். மூன்றாம் நாள் பூச்சி மருந்து கொடுத்ததும் பொடிச்சியிடம் இருந்து போன புழுக்களை எண்ணி எனக்குப் படம் வேறு அனுப்பினாள், அதுவும் நான் சோற்றில் கை வைத்த நேரம் பார்த்து. அதற்கு அடுத்த நாள் தராசு முதல்முறையாக அசைந்தது: 418. மாமிக்குத் தெரியாமல் கதவுக்கு ஒரு கொளுக்கியும் போட்டாள். குண்டனுக்குப் பக்கத்திலேயே இருந்து தன் கோப்பையைக் காலி செய்கிற அளவுக்குப் பொடிச்சி வந்ததும் பந்தியை ஒன்றாக்கினாள். எட்டுக் கிழமை தாண்டியதும் தடுப்பூசிக்கும் கொண்டுபோனாள். விசர்நோய் ஊசியும் வயது வந்ததும் போட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன், பிள்ளைகள் கையில் விளையாடும் பூனைகள் அல்லவா.

பதினொரு கிழமையில் கடைசியாக எடுத்த அளவு: பொடிச்சி 880, குண்டன் 1,150. வித்தியாசம் 230ஆக இருந்தது இப்போது 270. மச்சாள் தராசைத் தங்கச்சியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.